அரிய பொம்மை ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால்: ஜாவாவா, ஸ்னாகில்டூத்தா, யாக் ஃபேஸா?

பொம்மை சேகரிக்க ஆரம்பித்த இரண்டு மூன்று வருடத்தில் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். சுலபமாகக் கிடைப்பதெல்லாம் அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கும். ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிப் படத்தின் பொம்மைகள் என்றால் லூக் இருப்பார், வேடர் இருப்பார், வெள்ளைக் கவசம் போட்ட ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் நாலு பேர் வரிசையாக நிற்பார்கள். அப்புறம் கண் போவதெல்லாம் கிடைக்காததன் பக்கம்தான். கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கும். ஆனால் அதில் ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது?

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். இரண்டு வருடமாகச் சேமித்த பணம். போனில் மூன்று படங்களைக் காட்டி, "அண்ணா, இதுல எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார். அன்றைக்கு அவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நானும் இந்தப் பொம்மைகளைப் பல வருடமாகத் தேடி வாங்குகிறேன். ஒரு முறை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். என் கருத்து பிறந்ததே அந்த ஏமாற்றத்தில்தான் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பேச்சு கென்னர் கம்பெனியின் பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைப் பற்றியது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரத்தில் இருந்த கம்பெனி அது. படம் 1977 மே மாதம் வந்தது. இவ்வளவு பெரிய வெற்றியைக் கம்பெனி எதிர்பார்க்கவில்லை, அதனால் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கடையில் வைக்கப் பொம்மையே தயாராக இல்லை. பொம்மைக்குப் பதிலாக ஒரு அட்டை உறையையும் அதற்குள் ஒரு சான்றிதழையும் விற்றார்கள். அதைத் தபாலில் அனுப்பினால் 1978 பிப்ரவரி முதல் தேதிக்கும் ஜூன் முதல் தேதிக்கும் இடையில் நாலு பொம்மை வீடு வந்து சேரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். வந்து சேர்ந்தவை லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2. விண்கலங்களுக்குள் உட்கார வைக்க வசதியாக 3¾ அங்குல அளவில் செய்தார்கள். அங்கே தொடங்கி 1985 வரை கோடிக்கணக்கில் விற்றுத் தள்ளினார்கள்.

கோடிக்கணக்கில் விற்ற பொம்மையில் அரிது எங்கிருந்து வரும்? தொழிற்சாலையில் பாதியில் நேர்ந்த மாற்றம், ஒரு தவறு, கடைக்குப் போகாமல் நின்றுபோன ஒரு சரக்கு, பயத்தில் கைவிட்ட ஒரு திட்டம் என்று இந்த வரிசையின் புகழ்பெற்ற அரிய பொம்மைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது. வாங்கப்போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இங்கேதான் வருகிறது: அந்த அரிது பொம்மையின் எந்த இடத்தில் இருக்கிறது? உடம்பிலா, மேலே போர்த்திய துணியிலா, கையில் செருகிய குச்சியிலா, பொம்மையை ஒட்டி விற்ற அட்டையிலா, அல்லது கூட வரும் காகிதத்திலா? எத்தனை உலகத்தில் இருக்கிறது, என்ன விலை என்பதையெல்லாம் இதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வினைல் மேலங்கி ஜாவா

முதலில் எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். 1978-ல் கடைக்கு வந்த முதல் 12 பொம்மைகளில் ஜாவாவும் ஒன்று. பாலைவனத்தில் பழைய இயந்திரங்களைப் பொறுக்கி விற்கும் குள்ளக் கூட்டம் அது. பொம்மையும் இத்தனூண்டு, 2¼ அங்குலம்தான். ஆனால் விலை மற்ற பொம்மைகளின் விலையேதான். ஆரம்பத்தில் அதற்குக் கென்னர் கொடுத்த உடை, மெல்லிய வினைல் தாளில் செய்த ஒரு மேலங்கி. இவ்வளவு சின்னப் பொம்மைக்கு வினைல் துண்டையும் மாட்டி அதே காசு வாங்கினால் மக்கள் முகம் சுளிப்பார்கள் என்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள் என்பதுதான் சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் காரணம். துணி அங்கி ஜாவா எங்கும் கிடைக்கும். வினைல் அங்கியோடு வந்த ஆரம்பச் சரக்கு மட்டும்தான் அரிது.

இப்போது கவனியுங்கள். இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான். அங்கியைக் கழற்றிவிட்டு இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் எது அரியது, எது சாதாரணம் என்று சொல்ல முடியாது. மொத்த மதிப்பும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சின்ன வினைல் துண்டில் இருக்கிறது. அதே வரிசையில் பென் கெனோபி பொம்மைக்கும் பழுப்பு வினைல் அங்கி உண்டு. அந்தப் பொம்மை ஏராளமாகக் கிடைக்கிறது. அதன் அங்கியைக் கழற்றி, கத்தரியால் கீழே குறைத்து வெட்டி, ஒரு சாதாரண ஜாவா மேல் மாட்டினால் வேலை முடிந்தது. வினைலும் அந்தக் காலத்து வினைல், கம்பெனியும் அதே கம்பெனி. அளவும் வெட்டும் மட்டும்தான் பொய். இது போதாதென்று அங்கியைப் புதிதாகவே செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ஜாவா ஒன்று பார்த்தேன். சிறுவயதிலிருந்து தன்னிடமே இருந்தது என்றார். படங்கள் தெளிவாக இருந்தன. விலையும் சந்தை விலையைவிட ஒரு படி கீழே. அந்த ஒரு படிதான் என்னை இழுத்தது. பணம் அனுப்பி ஆறு வாரம் கழித்துப் பொட்டலம் வந்தது. இரண்டு நாள் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கீழ் ஓரத்தில் ஒரு இடம் உறுத்தியது. ஓரம் ஒரே சீராகப் போகாமல் நடுவில் லேசாகத் திசை மாறி, கத்தரி நின்று மறுபடி ஓடிய மாதிரி இருந்தது. இந்தத் துறையில் முப்பது வருட அனுபவம் உள்ள ஒருவருக்குப் படம் அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: பென்னின் அங்கி. பணம் திரும்பக் கேட்பதற்கான கெடு அதற்குள் முடிந்திருந்தது. போன பணத்தை எப்படியோ ஈடுகட்டிவிட்டேன். அந்த இரண்டு நாள் சந்தோஷம் ஒரு பொய்யின் மேல் நின்றது என்பதைத்தான் இன்னமும் மறக்க முடியவில்லை.

அதனால் என் முடிவு இது. வினைல் ஜாவாவைப் பிரித்த நிலையில், அதாவது லூஸாக, அனுபவம் குறைந்த ஒரு சேகரிப்பாளர் வாங்கவே கூடாது. வாங்குவதென்றால் அட்டையோடு, பிரிக்காமல் வாங்க வேண்டும். பின்பக்கம் 12 பொம்மைகளின் படம் இருக்கும் ஆரம்ப கால அட்டையில்தான் அது வந்தது. அதுவும் தகுந்த சோதனைக்குப் போய் வந்ததாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் விலை பல ஆயிரம் டாலருக்குப் போய்விடும். தம்பி சேமித்த பணத்துக்கு அது எட்டாது. எட்டுகிற விலையில் ஒன்று கிடைக்கிறது என்றால், அந்த விலையே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு: இரண்டடுக்காக நீளும் ஒளிவாள். லூக், பென், வேடர் மூவருக்கும் கைக்குள்ளிருந்து வாள் வெளியே தள்ளி வரும். முதல் சரக்கில் அந்த வாளுக்குள்ளிருந்து இன்னொரு மெல்லிய முனையும் நீண்டு வந்தது. சீக்கிரம் உடைந்தது, செய்வதும் கஷ்டம், நிறுத்திவிட்டார்கள். மதிப்பு முழுக்க ஒரு தீக்குச்சியைவிட மெல்லிய பிளாஸ்டிக்கில் இருக்கிறது. ஜாவாவைப் பற்றிச் சொன்னது எல்லாமே இதற்கும் பொருந்தும், இன்னும் ஒரு மடங்கு கூடுதலாக.

நீல ஸ்னாகில்டூத்

இந்தப் பொம்மையின் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. படத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி வருமே, விதவிதமான வேற்றுக்கிரக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர்தான் இந்தப் பல் நீண்ட ஆசாமி. பொம்மை செய்வதற்காகக் கென்னர் ஆட்களுக்குக் கிடைத்த புகைப்படத்தில் அவருடைய மேல்பாதி மட்டும்தான் இருந்தது. அதுவும் கறுப்பு வெள்ளைப் படம். இடுப்புக்குக் கீழே என்ன, எவ்வளவு உயரம், என்ன நிறம் என்று எதுவும் தெரியாது. ஊகித்தார்கள். மற்றவர்களைப் போல முழு உயரம், நீல உடை, காலில் பளபளவென்று வெள்ளி பூட்ஸ். செய்து முடித்தும் விட்டார்கள்.

படத்தில் இருந்தவரோ குள்ளம். உடை சிவப்பு. காலில் பூட்ஸே கிடையாது, ரோமம் மூடிய வெறும் பாதம். தவறு தெரிந்ததும் திருத்திக் குள்ளமான சிவப்பு ஸ்னாகில்டூத்தைச் செய்தார்கள். கடைகளில் அட்டையில் தொங்கியது அந்தச் சிவப்புப் பொம்மைதான். ஆனால் நீலமும் ஒரு வழியாக வெளியே போய்விட்டிருந்தது. சியர்ஸ் என்ற அமெரிக்கப் பெருங்கடை 1978 கிறிஸ்துமஸுக்கு, அட்டையில் அச்சடித்த மதுக்கடைப் பின்னணியோடு ஒரு தொகுப்பைத் தனக்கென்று வாங்கி விற்றது. அதற்குள் நாலு பொம்மை: க்ரீடோ, ஹாமர்ஹெட், வால்ரஸ் மேன், அப்புறம் நம் நீல ஸ்னாகில்டூத்.

இதில் வாங்குபவருக்கு இரண்டு பெரிய வசதி இருக்கிறது.

முதலாவது, அது அட்டையில் வரவே இல்லை. தொகுப்புக்குள் பையில் போட்டு வந்தது. அதனால் பிரிக்காத அட்டையா, பிரித்ததா என்ற பெரிய தலைவலி இல்லை. லூஸாக வாங்குவதுதான் இங்கே இயல்பு. அந்தக் காலத்து அட்டையில் ஒட்டிய நீல ஸ்னாகில்டூத் என்று யாராவது காட்டினால் மேலே பேசவே வேண்டாம், நகர்ந்துவிடலாம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அரிது அதன் உடம்பிலேயே இருக்கிறது. சிவப்பை வாங்கி நீலம் பூசி ஒருவர் ஏமாற்ற முடியாது, கால் நீளமே வேறு. கழற்றி மாட்டக்கூடியது துப்பாக்கி ஒன்றுதான். அது போலியாக இருந்தாலும் பொம்மை நிஜமாகவே இருக்கும். துப்பாக்கியைப் பின்னால் தனியாகத் தேடிக்கொள்ளலாம். காலின் பின்பக்கம் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்ற எழுத்துகளும் 1978 என்ற வருடமும் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். கென்னர் அப்போது ஜெனரல் மில்ஸ் குழுமத்தின் கையில் இருந்தது, அதன் பொம்மைப் பிரிவின் சுருக்கப் பெயர் அது. கூடவே ஹாங்காங் என்றும் இருக்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து முழு உடம்பையே மறுவார்ப்பு செய்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றில் இந்த எழுத்துகள் காணாமல் போயிருக்கும், அல்லது மழுங்கிக் கிடக்கும். எடையும் மூட்டு திரும்பும் விதமும் மாறும். பக்கத்தில் ஒரு சாதாரண க்ரீடோவை வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறித் திருப்பிப் பாருங்கள். அதே தொகுப்பில் வந்த அதே வருடத்துப் பொம்மை என்பதால் கைக்கே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கவலைப்பட வேண்டிய இடம் வெள்ளிப் பூச்சு. பிள்ளைகள் விளையாடியதில் பூட்ஸ் முனையில் வெள்ளி தேய்ந்து உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தெரியும். அப்படித் தேய்ந்த பொம்மையைப் புதுப் பெயின்ட் பூசி விற்பார்கள். தூரிகைக் கோடு தெரிகிறதா, பூட்ஸுக்கும் நீல உடைக்கும் நடுவே உள்ள கோடு வழிந்திருக்கிறதா, வெள்ளி மட்டும் அளவுக்கு மீறி மினுங்குகிறதா என்று வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் புதுப்பூச்சுப் பொம்மையைவிட நாணயமாகத் தேய்ந்த பொம்மை எத்தனையோ மேல். சில பொம்மைகளின் பூட்ஸ் முனையில் ஒரு சிறு பள்ளம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இரண்டும் அசல்தான், பயப்பட வேண்டாம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பெயர் பெற்ற அளவுக்கு இது அரிதல்ல. சியர்ஸ் அந்த ஒரு பருவத்திலேயே நிறைய விற்றிருக்கிறது. எந்த நாளில் தேடினாலும் உலகத்தில் எங்காவது சில விற்பனைக்கு இருக்கும். யாரிடமும் இல்லாதது வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம் தரும். எனக்கு இது பெரிய லாபமாகவே படுகிறது. சில நூறு டாலர் வட்டத்தில் நாலைந்தை ஒப்பிட்டு, பிடிக்காததை விட்டு, அடுத்த மாதம் வரை காத்திருந்து வாங்கலாம். ஒன்றே ஒன்று கண்ணில் பட்டு, இன்றைக்கு விட்டால் போய்விடும் என்று பதறும்போதுதான் எல்லோரும் தப்புச் செய்கிறோம். நான் செய்ததும் அப்படித்தான்.

யாக் ஃபேஸ்

1983-ல் மூன்றாவது படம் வந்தது. அதோடு பெரிய திரையில் கதை முடிந்துவிட்டதால் பிள்ளைகளின் ஆர்வம் இறங்கியது. விற்பனையைத் தூக்கி நிறுத்த, 1985-ல் ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு அலுமினிய நாணயம் வைத்து 'பவர் ஆஃப் த ஃபோர்ஸ்' என்ற பெயரில் புது அட்டைகள் போட்டார்கள். தூக்கி நிறுத்த முடியவில்லை. அந்தக் கடைசிக் காலத்தில் வந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் 'கடைசி 17' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். கடைகள் அளவாகவே வாங்கின, அதனால் பதினேழுமே கொஞ்சம் அரிதுதான். அவற்றிலும் யாக் ஃபேஸ் தனி. ஜப்பா என்ற கொள்ளைக்கூட்டத் தலைவனின் சபையில் நிற்கும், எருதுபோல் முகம் நீண்ட ஓர் ஆள். இந்தப் பொம்மை அமெரிக்கக் கடைகளுக்குப் போகவே இல்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்றது. சொந்த நாட்டுப் பிள்ளைகள் பார்க்காத கென்னர் பொம்மை.

இங்கேயும் அரிது உடம்பில்தான். வேறு எந்தப் பொம்மையையும் திருத்தி யாக் ஃபேஸாக மாற்ற முடியாது. மறுவார்ப்புப் போலிகள் உண்டு, ஸ்னாகில்டூத்துக்குச் சொன்ன எடை, மூட்டுச் சோதனைகளே இதற்கும். லூஸ் நிலையில் விலையும் ஏறக்குறைய அதே வட்டத்தில், சில சமயம் கொஞ்சம் மேலே இருக்கும். அட்டையோடு என்றால் கதையே வேறு, பல மடங்கு.

ஸ்னாகில்டூத்தா, யாக் ஃபேஸா என்று இரண்டுக்குள் தேர்வு வந்தால் உங்கள் சேகரிப்பைப் பாருங்கள். எல்லாப் பொம்மையையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து வரிசையை நிரப்ப வேண்டும் என்பவருக்கு யாக் ஃபேஸ்தான் முதலில். வருடா வருடம் அதன் விலை மேலே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நீல ஸ்னாகில்டூத் இல்லாமலும் ஒரு வரிசையை முழுமை என்று சொல்லிக்கொள்ளலாம், ஏனென்றால் சிவப்பு இருக்கிறது. யாக் ஃபேஸ் இல்லாத இடத்தை வேறு எதாலும் மூட முடியாது. வரிசை நிரப்புவது நோக்கமில்லை, அலமாரிக்கு வந்து நிற்பவரிடம் எடுத்துச் சொல்ல ஒரு கதை வேண்டும் என்பவருக்கு ஸ்னாகில்டூத். ஒரு புகைப்படத்தின் விளிம்புக்கு வெளியே இருந்ததை ஊகித்ததால் பிறந்த பொம்மை என்று சொன்னால், பொம்மையில் ஆர்வமே இல்லாதவர்கள்கூடக் குனிந்து பார்ப்பார்கள்.

போபா ஃபெட்டின் ராக்கெட்

இதை வாங்குவது பற்றி இங்கே யாரும் யோசிக்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நிறைய ஏமாற்று இந்தப் பெயரைச் சுற்றி நடக்கிறது. 1979-ல் கென்னர் ஒரு அறிவிப்பு கொடுத்தது: நாலு பொம்மை வாங்கிய அத்தாட்சியை அனுப்பினால், முதுகிலிருந்து ராக்கெட் விடும் போபா ஃபெட் என்ற கூலி வேட்டையாளன் பொம்மை இலவசம். அந்தச் சமயத்தில் மாட்டல் கம்பெனியின் வேறொரு விண்வெளிப் பொம்மை விட்ட சின்ன ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்துபோனான். கென்னர் உடனே பின்வாங்கியது. அறிவிப்பில் ராக்கெட் விடும் படத்தின் மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். பிள்ளைகளுக்கு ராக்கெட்டை முதுகோடு ஒட்டிய பொம்மையையும், மாற்றியதற்கு விளக்கம் சொல்லும் ஒரு கடிதத்தையும் அனுப்பினார்கள்.

ராக்கெட் விடும் போபா ஃபெட் ஒரு பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை. கம்பெனிக்குள் சோதனைக்காகச் செய்த மாதிரிகள் மட்டும் ஊழியர்கள் வழியாக வெளியே வந்தன. ராக்கெட் நகரும் பள்ளத்தின் வடிவத்தை வைத்து எல், ஜே என்று இரண்டு வகை சொல்வார்கள். 2019-ல் ஒன்று 1,85,850 டாலருக்கு ஏலம் போனது. 2024-ல் கையால் வண்ணம் தீட்டிய ஒன்று 5,25,000 டாலருக்குப் போனது. இங்கே பொம்மையின் மதிப்பு, அது யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைச் சொல்லும் காகிதம் இல்லையென்றால் பொம்மைக்கு மதிப்பில்லை. "சின்ன வயசுல எங்கிட்ட இருந்துச்சு, சுட்டுச்சு" என்று மனசார நம்பிச் சொல்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அட்டையில் பார்த்த விளம்பரம் அந்த வயதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

இந்தக் கதையின் ஒரு துண்டாவது கையில் வேண்டும் என்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. தபாலில் வந்த அந்த ஒட்டிய ராக்கெட் போபா ஃபெட்டை, அந்தக் கடிதத்தோடு தேடுங்கள். பொம்மை சாதாரணமானது. கடிதம்தான் கதை.

அட்டையோடா, பிரித்ததா, புதுப்பதிப்பா?

எதை வாங்குவது என்று முடிவானால் அடுத்தது எந்த நிலையில் என்பது. இதில் என் மனசு லூஸ் பக்கம்தான் சாய்கிறது, காரணம் நம் ஊர்க் காற்று. சென்னை மாதிரி ஊரில் நாற்பது வருடத்து அட்டையை வைத்துக் காப்பது தனி உத்தியோகம். ஈரப்பதத்தில் அட்டை வளையும், பொம்மையை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ் மஞ்சளாகும், குமிழை அட்டையோடு பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். பசை தானாக விட்டாலும் பார்ப்பவர் நீங்கள் பிரித்து ஒட்டியதாகத்தான் நினைப்பார். அட்டையில் கொடுத்த அதிகப் பணம் அந்த நிமிடமே போய்விடும்.

ஏ.எஃப்.ஏ. போன்ற அமைப்புகளிடம் கொடுத்து, பொம்மையைச் சோதித்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்து வாங்கலாம். அசல்தான் என்ற நிம்மதி கிடைக்கும். ஜாவா மாதிரி விஷயத்தில் அது அவசியம் என்றே சொல்வேன். ஸ்னாகில்டூத்துக்கும் யாக் ஃபேஸுக்கும் அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை. உடம்பை நாமே சோதிக்க முடியும்போது, தொட முடியாதபடி பெட்டிக்குள் பூட்டுவானேன்?

புதுப்பதிப்புகளை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கென்னரை 1991-ல் தன்னோடு சேர்த்துக்கொண்ட ஹாஸ்ப்ரோ, 2010-ல் ராக்கெட் விடும் போபா ஃபெட்டை மறுபடி தபால் வழியாகவே கொடுத்தது. 2019 முதல் 'ரெட்ரோ கலெக்‌ஷன்' என்று பழைய அட்டை, பழைய அச்சு மாதிரியிலேயே விடுகிறது. நீல ஸ்னாகில்டூத்தை 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கி ஜென்டில் ஜயன்ட் கம்பெனி செய்திருக்கிறது. அந்த உருவம்தான் பிடித்திருக்கிறது, பழமை முக்கியமில்லை என்றால் தாராளமாக இவற்றை வாங்கலாம். புதிது என்று சொல்லியே விற்கிறார்கள், அதில் பொய் இல்லை. மறுவார்ப்புத் துப்பாக்கியையும் அங்கியையும் சொல்லாமல் கலந்து விற்பதுதான் குற்றம்.

தம்பியிடம் இன்னொரு வழியையும் சொன்னேன். அவர் எதிர்பார்க்கவில்லை. 1987-ல் எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல் நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது, தொழிற்சாலை கோவாவிலும் உண்டு. ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மைகளை ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்து இங்கேயே செய்தார்கள். ஜி.ஐ. ஜோவும் 1982 முதல் அதே 3¾ அங்குலம்தான். அமெரிக்காவில் 1994-ல் அந்த வரிசை நின்ற பிறகும் இங்கே ஓடியது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறங்களில் இங்கே வந்தவற்றை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அவர்களுக்குக் கடல் தாண்டி வர வேண்டிய பொருள், நமக்கு யாரோ ஒரு மாமா வீட்டுப் பரணில் இருக்கலாம். சுங்கவரி இல்லை, ஆறு வாரக் காத்திருப்பு இல்லை. நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஸ்டார் வார்ஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

தம்பிக்குப் பிடிவாதம் இருந்தது. நியாயமான பிடிவாதம். நீல ஸ்னாகில்டூத்தைத்தான் எடுத்தார், பூட்ஸ் வலது முனையில் லேசாகத் தேய்ந்தது, துப்பாக்கி இல்லாமல். பணம் அனுப்பும் முன் காலின் பின்பக்கப் படமும் வெயிலில் எடுத்த பூட்ஸ் படமும் கேட்டு வாங்கினோம். விலையோடு தபால் செலவையும் சுங்கவரியையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்தோம். பெட்டியைப் பிரிக்கும்போது முழுக்க வீடியோ எடுக்கச் சொன்னேன். பணம் திரும்பக் கேட்கும் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, பெட்டி வந்த அன்றே சோதித்து முடித்தோம். என் ஜாவா விஷயத்தில் நான் மூன்றாவது நாள் வரை பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை.

வைக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பீரோவில் வைப்பதென்றால் அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மெத்தென்ற பி.வி.சி. உறையும் வேண்டாம், நாள் பட ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் வெயில் படாத இடத்தில், கூடவே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றினால் போதும். வெள்ளிப் பூட்ஸைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அவ்வளவுதான்.